இலங்கை மலையகத் தோட்டங்களில் மண்ணரிப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1830களுக்குப் பின் காடுகள் பரவலாக அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் உருவாயின. களையே இல்லாத தோட்டம்தான் நல்ல தோட்டம் என்று துரைமார் கருதினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு சரிவுகள் தொடர்ந்து துப்புரவாக்கப்பட்டன. களைபிடுங்கப் பயன்பட்ட சுரண்டி என்ற கருவி, பெயருக்கேற்ப மேல்மண்ணையும் சுரண்டியது.

மூடுபயிரற்ற நிலத்தில் மழைத்துளி விழும்போது மண்கட்டிகள் உடைகின்றன. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைப்பதால் நீர் உள்ளிறங்காமல் மேலோடுகிறது. முதலில் அடித்துச் செல்லப்படுபவை இலேசான உக்கலும் களித்துகள்களும் ஆகும். நைதரசன், பொசுபரசு போன்ற ஊட்டங்கள் பெரிதும் இவற்றிலேயே தங்கியுள்ளன. ஆகவே மண் சிறிதளவே போனாலும் வளம் பேரளவில் போய்விடுகிறது. எஞ்சும் பருமணலும் கல்லும் நீரையோ பசளையையோ பிடித்து வைப்பதில்லை.

1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் பின்னர் கோப்பிப் பயிரை அழித்தது. தேயிலை பெரும்பாலும் அதே சரிவுகளில், ஏற்கனவே மெலிந்த மண்ணில் நடப்பட்டது. சமவுயரக் கான்களும் கல்லணைகளும் பிற்பாடே பரவின. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது. மலைச்சரிவுகளில் அரிக்கப்படும் மண்ணின் ஒரு பகுதி இன்றும் மகாவலி ஆற்றின் பொல்கொல்லை அணைக்குப் பின்னால் வண்டலாகப் படிகிறது.