கோபுரம் முதல் அடுக்ககம் வரை: உயர்மாடிக் கட்டுமான முறைகளின் வரலாறும் விருதுநகர் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு நகரங்களில் உயர்ந்துவரும் குடியிருப்பு அடுக்ககங்களின் வரலாறு பெரும்பாலும் உயரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதனைக் கட்டுமானக் காலத்தின் வரலாறாக இக்கட்டுரை அணுகுகிறது. சுண்ணாம்புக் காரையிலிருந்து சிமெண்டிற்கும், மரப்பலகை அச்சிலிருந்து அலுமினிய அச்சிற்கும் நிகழ்ந்த மாற்றங்கள், பொருள் இறுகுவதற்காகக் காத்திருக்கும் காலத்தைத் தொடர்ந்து குறைத்து வந்துள்ளன. அக்குறைப்பின் இடரை யார் சுமக்கின்றனர் என்னும் வினா, சிவகாசி வெடித்தொழில் வட்டாரத்தின் கட்டட விதிகளோடு ஒப்பிட்டு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: உயர்மாடிக் கட்டடம், சுண்ணாம்புக் காரை, சிமெண்டு, மௌலிவாக்கம், சிவகாசி, கட்டுமானத் தொழிலாளர்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் உயர்மாடிக் குடியிருப்புகள் மிகுதியாக இல்லை. எனினும் உயரக் கட்டுதலின் வரலாற்றில் இவ்வட்டாரத்திற்கு மூன்று வகையில் இடமுண்டு. திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலை இராசகோபுரம் இங்குள்ளது. உயர்மாடிகளின் அடிப்படைப் பொருளாகிய சிமெண்டு இங்கு உற்பத்தியாகிறது. உயரமாகக் கட்டாமல் விலகி விலகிக் கட்டுவதையே பாதுகாப்பாகக் கொண்ட பட்டாசு ஆலைகளும் இங்குள்ளன. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, சென்னை போன்ற பெருநகரங்களின் அடுக்ககக் கட்டுமானத்தில் கவனம் பெறாத ஒரு சிக்கல் தெளிவாகிறது.

காரையின் காலம்

திருவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் இராசகோபுரம் 192 அடி உயரமுடையது. அடித்தளப் பகுதியைக் கருங்கல்லாலும் மேல்நிலைகளைச் செங்கல், சுண்ணாம்புக் காரை, சுதை ஆகியவற்றாலும் அமைப்பது தமிழகக் கோபுரக் கலையின் பொதுமரபு. மேலே செல்லச் செல்லக் கட்டடம் குறுகுவதும், உள்ளே வெற்றிடம் விடப்படுவதும், கல்லைவிட எடை குறைந்த செங்கல் பயன்படுவதும் அடித்தளத்தின் மீதான சுமையைக் குறைக்கின்றன. சுவரே இங்குச் சுமையைத் தாங்குகிறது.

சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றே இறுகும். ஆகவே ஒரு நிலை உறுதிப்படும்வரை அடுத்த நிலையின் முழுச் சுமையை ஏற்ற இயலாது. கட்டுவோரின் திறனைப் போலவே பொருளின் இயல்பும் வேகத்திற்கு எல்லை வகுத்தது. காத்திருப்பு இம்முறையின் பிரிக்கவியலாத உறுப்பாக இருந்தது எனலாம்.

சிமெண்டும் சட்டகமும்

சிமெண்டு நீரோடு வினைபுரிந்து இறுகுவது. அதன் வலிமையின் பெரும்பகுதி சில வாரங்களிலேயே கிட்டிவிடுகிறது. அதனுடன் எஃகுக் கம்பியும் சேர்ந்தபோது, சுவர் தாங்கிய சுமை தூணுக்கும் உத்தரத்திற்கும் மாறியது. தமிழகத்தில் இம்மாற்றத்தின் முதன்மை அடையாளம் சென்னை அண்ணாசாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் காப்பீட்டு நிறுவனத்திற்காகத் தொடங்கப்பட்ட இப்பணி, 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதால் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இலண்டன் கட்டடக் கலைஞர்களான பிரவுன், மௌலின் ஆகியோர் வரைந்த திட்டத்தை, அவர்கள் விலகிய பின்னர் எல்.எம். சிதலே நிறைவு செய்தார். 177 அடி உயரமுள்ள இக்கட்டடம் 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது அலுவலகக் கட்டடமே. எனினும் சுண்ணாம்பும் செங்கல்லும் இன்றிக் கான்கிரீட் தூண்களால் உயர முடியும் என்பதை அது சென்னைக்குக் காட்டியது.

இதே காலத்தில் விருதுநகர் வட்டாரமும் இம்மாற்றத்தில் இணைந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1957இல் நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், துலுக்கப்பட்டியில் (இன்றைய இராமசாமி ராஜா நகர்) 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் தொடக்கத் திறன் நாளொன்றுக்கு 200 டன். பின்னர் சிவகாசிக்கு அருகிலுள்ள ஆலங்குளத்தில் அரசுத் துறையின் சிமெண்டு ஆலையும் அமைந்தது. மழை குறைந்த கரிசல் நிலத்தின் அடியிலிருந்த சுண்ணாம்புக்கல், நகரங்களின் மாடிகளுக்கு மூலப்பொருளாயிற்று.

அச்சும் நாளெண்ணிக்கையும்

கான்கிரீட் தளத்தைத் தாங்கி நிற்கும் அச்சும் முட்டும் எப்போது அகற்றப்படுகின்றன என்பதே அடுக்ககப் பணியின் வேகத்தை முடிவு செய்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு (2000) இதற்கு நாள் கணக்கு வகுத்துள்ளது. சாதாரண சிமெண்டாயின், 4.5 மீட்டர் வரையிலான தளங்களின் முட்டுகளை 7 நாட்களுக்குப் பின்னரும், அதனினும் அகன்றவற்றை 14 நாட்களுக்குப் பின்னரும் அகற்றலாம். 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரங்களுக்கு 21 நாட்கள் தேவை. கான்கிரீட்டின் வலிமை 28ஆம் நாள் கனசதுர மாதிரியைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது.

சவுக்குக் கட்டைச் சாரமும் மரப்பலகை சென்டரிங்கும் வழக்கிலிருந்த காலத்தில், கொத்தனாரும் சித்தாளும் சட்டிச் சட்டியாகக் கலவையை ஏற்றினர். ஒரு தளம் முடியப் பல வாரங்கள் ஆயின. அலுமினிய அச்சு, ஆயத்தக் கலவைக் கான்கிரீட், அதனை மேலேற்றும் குழாய்ப் பம்பு ஆகியன வந்தபின், சுவரும் தளமும் ஒரே வார்ப்பாகின்றன. ஏறத்தாழ வாரத்திற்கு ஒரு தளம் என்னும் வேகம் எட்டக்கூடியதாயிற்று. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளுக்காகக் கையாளப்பட்ட முன்வார்ப்பு முறையில், உறுப்புகள் வேறிடத்தில் வார்க்கப்பட்டுக் களத்தில் பொருத்தப்பட்டன. 2021 சனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன.

இவ்வேகம் விதிமீறலால் மட்டுமே கிட்டுவதன்று. அச்சுப் பலகையைக் கழற்றிய பின்னரும் முட்டுகள் அசையாமல் நிற்கும் வகையில் புதிய முறைகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஓர் உண்மை மாறுவதில்லை. புதிதாக வார்த்த தளத்தின் எடையை முட்டுகள் வழியாகத் தாங்குவது, தாமே முழு வலிமை பெறாத கீழ்த்தளங்கள். வேகம் கூடும் அளவிற்குக் கணக்கீட்டிலும் மேற்பார்வையிலும் பிழைக்கான இடம் சுருங்குகிறது.

மௌலிவாக்கம் எழுப்பும் வினா

2014 சூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்து 61 பேர் இறந்தனர். ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு ஆகிய மாநிலத் தொழிலாளர்கள் அவர்களுள் பலர். நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்து கொண்டு தகர்க்கப்பட்டது.

வீடு வாங்கியோர் எவரும் குடியேறுமுன்னரே இவ்விபத்து நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. திட்ட அனுமதி விதிகள் முதன்மையாக முடிவுற்ற கட்டடத்தையே கண்முன் கொள்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் (2019), 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயர்மாடிக் கட்டடம் என வரையறுக்கின்றன. சாலை அகலம், பக்கவெளி, தளப்பரப்பு ஆகியன அவற்றில் விரிவாக அளக்கப்படுகின்றன. கட்டும் காலத்தில் எத்தளத்தின் கீழ் எத்தனை பேர் நிற்கலாம் என்பது அவ்வளவைகளுள் முதன்மை பெறவில்லை. கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பிற்கு 1996இல் நடுவண் சட்டம் தனியே இயற்றப்பட்டது. கட்டடத்தை ஒரு துறையும் அதைக் கட்டுவோரை இன்னொரு துறையும் நோக்கும் நிலை இதனால் உருவாயிற்று.

வெடியறை என்னும் மறுகோடி

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளின் கட்டட அமைப்பு இதற்கு நேர்மாறான கோட்பாட்டில் எழுந்தது. வெடிபொருள் சட்டம் (1884), அதன்கீழ் அமைந்த வெடிபொருள் விதிகள் (2008) ஆகியவற்றின்படி, ஓர் ஆலை பல சிற்றறைகளாகப் பிரிந்து நிற்க வேண்டும். அறைகளுக்கிடையே பாதுகாப்பு இடைவெளி வேண்டும். ஓர் அறையிலிருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் வெடிபொருளின் அளவிற்கும் வரம்பு உண்டு. இங்கு விபத்து நேரலாம் என்பதை ஏற்றுக்கொண்டே கட்டடம் வரையப்படுகிறது. இழப்பை ஓர் அறைக்குள் நிறுத்துவதே நோக்கம்.

இவ்விதிகள் விபத்துகளை முற்றிலும் தடுத்துவிடவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து 35க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எனவே சிவகாசியை முன்மாதிரியாகக் கொள்வது இங்கு நோக்கமன்று. தொழிலாளரின் தலையெண்ணிக்கையைக் கட்டட விதிக்குள்ளேயே கொண்டுவர முடியும் என்பதற்கு அது சான்று. அவ்வெண்ணிக்கையை நாள்தோறும் சரிபார்ப்போர் இல்லையெனில் விதி ஏட்டளவில் நின்றுவிடும் என்பதற்கும் அதுவே சான்று.

முடிவுரை

கோபுரம் கட்டிய காலத்தில் பொருளே காத்திருக்கச் செய்தது. சிமெண்டும் புதிய அச்சுமுறைகளும் அக்கட்டாயத்தைத் தளர்த்தின. இன்று காத்திருப்பு பொருளின் இயல்பாக மட்டும் இல்லாமல், கடன் வட்டி, ஒப்படைப்புத் தேதி, பொறியாளரின் கையொப்பம் ஆகியவற்றிற்கு இடையே எடுக்கப்படும் முடிவாகிவிட்டது. உயர்மாடிக் கட்டுமான விதி உயரத்தை அளக்கிறது. தர விதி நாளை எண்ணுகிறது. வெடிபொருள் விதி ஆளை எண்ணுகிறது. எழுந்துகொண்டிருக்கும் அடுக்ககத்திற்கு இம்மூன்று அளவைகளும் ஒரே ஆவணத்தில், ஒரே பொறுப்பின்கீழ் தேவை. மாடிகளின் எண்ணிக்கையோடு முட்டு அகற்றிய நாட்களையும், அந்நாட்களில் கீழே பணியிலிருந்தோரையும் பதிவுசெய்யும் தளவாரிப் பதிவேடு ஒன்று கட்டாயமாக்கப்படின், பாதுகாப்பிற்கும் எதிர்கால வரலாற்றாய்விற்கும் அது பயன்படும்.