பனிக்கட்டி வந்த வழி

இரத்தினபுரியின் வெக்கை வறண்ட நாட்டு வெக்கை அன்று. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர் அது. மழை விட்டதும் வெய்யில் வரும். வெய்யில் வந்ததும் நனைந்த மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். கேகாலையும் அவ்வாறே. நுவரெலியாவில் வேலை செய்யும் தோட்டத் தொழிலாளிக்குக் கம்பளி வேண்டும். யட்டியாந்தோட்டையிலும் காவத்தையிலும் இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளிக்குக் கம்பளி சுமை. மலைநாடு என்றதும் குளிரையே நினைப்பவர்கள் சப்ரகமுவத் தோட்டங்களை மறந்துவிடுகின்றனர். இத்தகைய வெக்கை நாட்டில் ஒரு கிண்ணம் குளிர்களி, ஐஸ்கிறீம் என்று ஊரார் வழங்கும் அப்பண்டம், எவ்வளவு இனிமையானது என்று சொல்ல வேண்டியதில்லை. அது இங்கு வந்து சேர்ந்த கதைதான் சொல்லத்தக்கது.

வெப்ப நாடுகளுக்குப் பனிக்கட்டியை வாணிகப் பொருளாக அனுப்பலாம் என்று முதன்முதல் துணிந்தவர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர். 1806ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய மார்த்தினிக்குக்கு அவர் பனிக்கட்டி ஏற்றிய கப்பலை அனுப்பியபோது ஊரார் நகைத்தனர். நகைத்ததிலும் பொருள் இருந்தது. அந்த வாணிகத்தில் அவர் பெருநட்டமடைந்தார். கடனுக்காகச் சிறையும் புகுந்தார். ஆனாலும் விட்டாரில்லை. குளங்கள் உறையும் மாரிக்காலத்தில், குதிரை இழுக்கும் கத்தியால் பனியைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கும் முறையை அவருடன் கூடி உழைத்த நத்தானியல் வையத் கண்டுபிடித்தார். சதுரமாக வெட்டிய கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி இல்லாத அடுக்கு மெல்லவே உருகும். சுற்றிலும் மரத்தூள் இட்டால் இன்னும் மெல்ல உருகும். மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் கிடந்த தூளே அந்த வாணிகத்தைக் காப்பாற்றியது.

1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ரஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்ரனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். செப்டெம்பரிற் கல்கத்தாவை அடைந்தபோது அதில் ஏறக்குறைய 100 தொன் எஞ்சியிருந்தது. மீதி கடலோடு கலந்தது. எஞ்சியதை விற்றதிலேயே ஆதாயம் கிடைத்தது என்றால், வெக்கையில் வாடிய வெள்ளையர் என்ன விலையும் கொடுக்க ஆயத்தமாயிருந்தனர் என்பது விளங்கும். பின்னர் பம்பாயிலும் சென்னையிலும் பனிக்கட்டியைச் சேமிக்கும் மாளிகைகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த மாளிகை இன்றும் நிற்கிறது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. அதனால் இப்போது அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி வாணிகம் போய் நூறு ஆண்டுக்கு மேலாகியும் அப்பகுதியைச் சென்னை மக்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்றே சொல்கின்றனர். பொருள் உருகிப் போயிற்று, பெயர் உருகவில்லை.

இயற்கைப் பனியின் ஆட்சியை முடித்தது இயந்திரம். மைக்கேல் பரடே 1823இல் அமோனியா வாயுவைத் திரவமாக்கிக் காட்டினார். 1850களில் அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் ஜேம்ஸ் ஹரிசன் ஈதர் கொண்டு பனிக்கட்டி செய்தார். பிரான்சில் பெர்டினாந் கரே அமோனியாவைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1870களில் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். தத்துவம் எளிது. திரவ அமோனியா ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு குளிர்ந்த உப்புநீரினுள் நன்னீர் நிறைந்த தகரப் பெட்டிகளை இறக்கிவைத்தால் நன்னீர் கட்டியாகிவிடும், உப்புநீர் உறையாது. ஆவியான அமோனியாவை இயந்திரம் அமுக்கி மீண்டும் திரவமாக்கும். ஒரே மருந்து திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அமோனியா இறப்பர்த் தோட்டத்தாருக்குப் புதியது அன்று. விடியுமுன் எழுந்து, வெய்யில் ஏறுமுன் மரத்தைச் சீவிப் பாலெடுப்பவர்கள் அதன் காரமான வாடையை நன்கறிவர். வெட்டிய பால் தொழிற்சாலைக்குப் போகுமுன் வாளியிலேயே உறைந்துவிடாதிருக்க அதிற் சிறிது அமோனியா சேர்ப்பதுண்டு. பாலை உறையாமற் காப்பதும், நீரை உறையச் செய்வதும் ஒரே பொருள்! மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வாளியைச் சுமந்தவர்களுக்கு, அதே பொருள் பட்டணத்திற் பனிக்கட்டி செய்கிறது என்பதைச் சொன்னவர் இருந்திருக்க மாட்டார்.

இலங்கையில் கொழும்புப் பனிக்கட்டிக் கொம்பனி 1866ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அந்த ஆண்டின் அயலைக் கவனிக்க வேண்டும். 1867இல் கொழும்பு-கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கேகாலைப் பகுதியில் றம்புக்கனை வழியாகவே அது மலையேறியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துறையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியை அழித்த இலைநோய் தோன்றியது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. பத்தாண்டுக்குள் பனிக்கட்டி, புகையிரதம், தேயிலை, இறப்பர் என்னும் நான்கும் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அந்நான்கிற்கும் வேண்டிய உழைப்பில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்துவந்தவர்களின் தோளில் விழுந்தது. நான்கில் முதலாவது மட்டும் அவர்கள் நாவிற்கு எட்டவில்லை.

அந்தக் கொம்பனியே பின்னாளில், 1941இல், சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் என்று பெயர் பெற்றது. யானை அதன் சின்னம். அதனால் மக்கள் வழக்கில் எலிபன்ற் ஹவுஸ். கொழும்பு கொம்பனித் தெருவில் அதன் ஆலை இருந்தது. பனிக்கட்டி, இஞ்சிப் பானம், பின்னர் ஐஸ்கிறீம் என்று அதன் வாணிகம் விரிந்தது.

பனிக்கட்டி வேறு, ஐஸ்கிறீம் வேறு என்பதை இங்கு நினைக்க வேண்டும். பனிக்கட்டியை உமியும் சாக்கும் சுற்றித் தொலைதூரம் கொண்டுபோகலாம்; வழியிற் கரைந்தது போக மீதி மீதியே. ஐஸ்கிறீம் அப்படியன்று. பாலும் சீனியும் காற்றும் நுண்ணிய பனித்துகள்களும் ஒன்றுகூடி நிற்கும் கலவை அது. ஒருமுறை உருகினால் காற்றுப் போய்விடும். மீண்டும் உறையவைத்தால் துகள்கள் பருத்து நறநறவென்று பல்லிற் படும். பழைய முறையில் அதைச் செய்தவர்கள் மரவாளியிற் பனிக்கட்டியும் உப்பும் இட்டு நடுவிலே பாற்பாத்திரத்தை வைத்துக் கைப்பிடியைச் சுழற்றினர். உப்புச் சேர்ந்த பனி சுழியத்திற்குக் கீழே இருபது பாகை வரை குளிர்ச்சி தரும். துரைமார் பங்களாக்களிலும் நகரத்துச் செல்வர் வீடுகளிலும் விருந்துநாட்களில் அது ஓடியது. சுழற்றியவர் வேலைக்காரர், உண்டவர் வேறு.

வீதிக்கு வந்தது ஐஸ்பழம். குச்சியில் உறைந்த நிறநீர்தான். பால் உண்டென்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்குக் கடை வேண்டாம், நாற்காலி வேண்டாம். சைக்கிளின் பின்னே ஒரு மரப்பெட்டி போதும். தோட்டங்களுக்குச் சம்பள நாளில் துணிக்காரரும் வளையற்காரரும் பாத்திரக்காரரும் வருவது வழக்கம். அவர்களோடு ஐஸ்பழக்காரரும் சேர்ந்துகொண்டார். பெட்டிக்குள் இருப்பது உருகுமுன் விற்றாக வேண்டும். ஆகவே லயத்து வாசலில் அவர் அதிக நேரம் பேரம் பேச மாட்டார். திருவிழாக் காலங்களில் கோயில் வாசலிலும், இரத்தினபுரிச் சமன் தேவாலயப் பெரகராவிலும் அவரே இராசா. தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு தலைமுறை முழுவதும் குளிரின் சுவையை அறிந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

ஐஸ்கிறீம் கடைக்கு வேண்டியது இடையறாத மின்சாரம். இலங்கையின் நீர்மின் திட்டத்திற்கு வித்திட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, 1918இலேயே அதைப் பற்றிப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் கட்டுரை படித்தார். லக்சபானாவின் முதற் கட்டம் 25 மெகாவாற்று ஆற்றலுடன் 1950இற்றான் இயங்கத் தொடங்கியது. களனியின் கிளையாறுகள் அந்தச் சுழலிகளைச் சுழற்றிவிட்டுக் கித்துல்கலை வழியாகவும் யட்டியாந்தோட்டை வழியாகவும், கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களின் ஓரமாகவும் இறங்கி ஓடின. தண்ணீர் லயத்தருகே போயிற்று. மின்சாரம் நகரத்துக்குப் போயிற்று. நகரத்திற் குளிர்சாதனப் பெட்டிகள் வந்தன. காலி வீதியில் அலரிக்ஸ் போன்ற ஐஸ்கிறீம் கடைகள் பேர் பெற்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது, பின்னும் பல பத்தாண்டுகள்.

காரணம் பணம் மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவர் வாழும் லயத்துக்கு மின்கம்பி இழுக்கச் சொல்லி எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் மன்றாடுவார்? 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளியது. சப்ரகமுவ இறப்பர்த் தோட்டத்திற் பால்வெட்டிப் பழகிய கைகள் சில, கடல் கடந்து கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து இறப்பர்க் காடுகளில் அதே கத்தியைப் பிடித்தன. இங்கு எஞ்சியோருக்கு 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் வந்தன. லயங்கள் தாக்கப்பட்டன, நகரங்களிற் கடைகள் எரிந்தன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ப் புதுக்காட்டை வெட்டிக் குடியேறினர்.

வடக்கே போனவர்கள் அங்கு ஒரு புதுமையைக் கண்டனர். தமிழர் தம் மொழியிலேயே கேட்டு வாங்கி, மேசைமுன் இருந்து, அவசரமின்றி ஐஸ்கிறீம் உண்ணும் ஊர் யாழ்ப்பாணம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அண்டி றியோ, லிங்கம் போன்ற கிறீம் கடைகள் பெயர் பெற்றன. உயர்ந்த கண்ணாடிக் கோப்பையில் பழமும் ஜெலியும் கச்சானும் சேர்த்து அடுக்கித் தரும் 'ஸ்பெஷல்', திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஓயாது. கோயிலுக்குப் போனோம் என்பதும் கிறீம் குடித்தோம் என்பதும் அங்கு ஒரே மூச்சிற் சொல்லப்படுபவை. வெய்யில் நாட்டில் நல்ல ஐஸ்கிறீம் கடை எங்குளது என்று கேட்பவர்க்கு நல்லூர் வீதியைக் காட்டுவது தவறாகாது. 1990 முதற் சில ஆண்டுகள் குடாநாட்டிற் பொது மின்சாரமே இல்லாதிருந்ததை எண்ணினால், அவ்வீதியின் இன்றைய வெளிச்சத்தின் விலை தெரியும்.

இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் அந்தப் பெயர் இன்னும் வரவில்லை. இன்று நகரத்துக் கடைகளிற் கண்ணாடி மூடிய உறைபெட்டிகள் உள்ளன. தோட்டத்துச் சில்லறைக் கடைகள் சிலவற்றிலும் உள்ளன. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2021இலேதான் ஒருவாறு நிறைவேறியது. பிள்ளைக்கு ஒரு கோப்பை வாங்கித் தருமுன் தாய் மனத்திற் கணக்குப் போடும் நிலை தீர்ந்துவிடவில்லை.

இதற்கிடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1866இன் பழைய பெயரைத் தாங்கிக்கொண்டு கொழும்பு ஐஸ் கொம்பனி என்ற புதிய நிறுவனம், தாய்க் கொம்பனியின் கிளையாக, சீதாவாக்கையில் ஓர் ஐஸ்கிறீம் ஆலையை 2018இல் தொடங்கியது. சீதாவாக்கை என்பது அவிசாவளை, சப்ரகமுவையின் தலைவாசல். 1912இல் இரத்தினபுரி வரையிற் சென்று, பின் ஒப்பநாயக்க வரை நீண்ட களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம், 1970களில் மேற்பகுதி மூடப்பட்டபின் அந்த அவிசாவளையோடுதான் நிற்கிறது. புகையிரதம் போகாத அந்த வழியிலே குளிரூட்டிய லொறிகள் எகலியகொடையைத் தாண்டி, இறப்பர் மரங்களின் நிழலூடே, இரத்தினபுரி நோக்கி ஏறுகின்றன. வீதியோரத்து மரங்களிற் சிரட்டைகள் தொங்குகின்றன. காலையில் வெட்டிய பால் அவற்றிற் சொட்டிக்கொண்டிருக்கிறது.