மின்பொறிக் காப்பு ஆளி: கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்

சூரிச்சின் ஓர்லிகோனுக்கு மின்சார வரலாற்றில் தனி இடம் உண்டு. 1891இல் லௌஃபனிலிருந்து பிராங்க்பேர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டபோது, அதற்கான மின்னாக்கியைச் செய்தது இங்கிருந்த ஓர்லிகோன் இயந்திரத் தொழிற்சாலைதான். இன்று இங்கு வாழும் எங்கள் குடும்பங்களுக்கோ, சுவரிலிருந்து சோற்றுக் குக்கர் வரையான கடைசி இரண்டு மீற்றர் வயரில்தான் ஆபத்து இருக்கிறது.

எப்படித் தீப்பிடிக்கிறது?

சோபாவின் காலுக்குள் நசிந்த வயர், கதவிடுக்கில் மடிந்த நீட்டிப்பு வயர், காலப்போக்கில் திருகாணி தளர்ந்த பிளக் பொயின்ற். இவற்றில் விழும் சிறு இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பொறியாகப் பாய்கிறது. அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான பாகை. அருகில் தூசியோ திரைச்சீலையோ இருந்தால் போதும்.

அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் உருகி அறும். இப்படிப்பட்ட பொறியில் மின்னோட்டம் கூடுவதில்லை, சிலவேளை குறையவும் செய்யும். எஃப்ஐ என்று இங்கு சொல்லப்படும் ட்ரிப் சுவிச், மின்சாரம் வெளியே கசிந்தால்தான் விழும். ஒரே வயருக்குள் நிகழும் பொறி அதற்குத் தெரியாது. மின்பொறிக் காப்பு ஆளி பொறிக்கே உரிய அதிர்வெண் குழப்பத்தைக் கண்டறிந்து மின்சாரத்தை நிறுத்துகிறது. ஜேர்மன் மொழியில் இதற்குப் பெயர் பிராண்ட்ஷுட்ஸ்ஷால்டர்.

எங்கே இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் 1999ஆம் ஆண்டு மின் விதிகள் படுக்கையறைகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. 2002 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே பிளக் பொயின்ற் வடிவிலும் இது கிடைக்கிறது. மின்சுற்றின் முதல் பொயின்றாகவும், இலகுவில் கைக்கெட்டும் இடத்திலும் அதைப் பொருத்த வேண்டும். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் உருகிப் பெட்டிக்குள் இருக்கும். படுக்கையறைகளுக்கும் மரக் கட்டடங்களுக்கும் இதைப் பொருத்தும்படி ஐஇசி சர்வதேச தரநிலையின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பரிந்துரைக்கிறது.

கைக்கெட்டும் இடம் என்றால் ஏணி வேண்டாம், தளபாடம் நகர்த்த வேண்டாம், சாவி தேட வேண்டாம். எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. உருகிப் பெட்டியின் முன்னால் சப்பாத்துத் தட்டு, அரிசி மூட்டை, மேலே நாட்காட்டி. பிளக் பொயின்ற் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலோ, சாமித்தட்டின் பட்டுத்துணிக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். ஆளி விழுந்தால் எட்ட முடியாமல் வேறு அறையிலிருந்து வயர் இழுப்போம். அப்போது விட்ட ஆபத்தை நாங்களே திரும்பக் கூட்டிவருகிறோம். பகலில் தனியே இருக்கும் அம்மாவாலும் போய்த் தொடக்கூடிய இடமா என்று பாருங்கள்.

ஆளி விழுந்தால்

உடனே மேலே தூக்கி விடாதீர்கள். அந்தச் சுற்றிலுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆளியைப் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுவே பழுது. எதுவும் செருகாமலே விழுந்தால் பழுது சுவருக்குள். மின்னியலாளரை அழையுங்கள்.

ஊரில் உருகிக் கம்பியை நாங்களே மாற்றிப் பழகியவர்கள். இங்கே ஆளி பொருத்துவது அனுமதி பெற்ற மின்னியலாளரின் வேலை. வாடகை வீடென்றால் முதலில் வீட்டு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சுவிஸ் சட்டப்படி குடியிருப்புகளின் மின்னிணைப்பு பொதுவாக 20 வருடங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படுகிறது. பரிசோதகர் வரும் நாளில் பெட்டியின் முன்னால் உள்ளதை அகற்றி வையுங்கள், காப்பு ஆளி பற்றியும் கேளுங்கள்.

இந்த ஆளி எல்லாவற்றையும் தடுக்காது. சாதாரண சுவிஸ் பிளக் பொயின்ற் 10 அம்பியர், அதாவது 2300 வாட் தாங்கும். கேத்தலையும் குக்கரையும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் போட்டால் அந்த அளவு தாண்டிவிடும். புகை எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அழைக்க வேண்டிய இலக்கம் 118.

இன்றிரவே உருகிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திறக்க எத்தனை பொருளை நகர்த்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.