வந்து சென்றவரும் தங்கியிருந்தோரும்: முத்துக்குளித்துறையிற் சவேரியார்

கோட்டாறு முதல் தூத்துக்குடி வரையுள்ள கரையோரத்திற் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர் இன்றும் பெரிதும் போற்றப்படுகின்றது. அக்கரையின் கிறித்தவம் அவராலேயே தொடங்கிற்று என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஆயின், 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கோவாவிலிருந்து வந்த அவர், 1544ஆம் ஆண்டின் இறுதியில் அக்கரையை விட்டு நீங்கினார். இடையிலும் கோவாவுக்கு ஒருமுறை சென்று மீண்டார். பின்னர்ச் சிறிது காலமே வந்து பார்த்துச் சென்றார். முழுதாக ஈராண்டும் நிறையாத இப்பணியின் பயனையும் சுமையையும் தாங்கியோர் யாவர் என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

சவேரியார் வருமுன்னரே பரதவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். முத்துக்குளிக்கும் உரிமை பற்றி அவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட பூசலிற் பரதவர் தளர்ந்தபோது, போர்த்துக்கேயரின் துணையை நாடுமாறு யோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் ஆலோசனை கூறினார். கொச்சிக்குத் தூது சென்றது, பாதுகாப்புக் கிடைத்தது. 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் மதம் மாறினர். ஆனால் அவர்தம் மொழியறிந்து போதிப்பார் எவருமிலர். பெயர் மாறிற்று, வேறெதுவும் பெரிதாக மாறவில்லை.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. கோவாவிற் கல்விபயின்ற அக்கரை இளைஞர் மூவர் உடன்வந்தனர். இருமொழியும் ஓரளவறிந்தோரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்குவித்து, அவற்றை மனனஞ் செய்துகொண்டு, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்றார். சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். அவர்கள் வீட்டிற் பெற்றோருக்கு ஓதினர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் நாள்களுண்டு என அவரே ஐரோப்பாவுக்கு எழுதினார். பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, கற்றதைப் பயன்செய்யாதிருப்போரிடம் உரத்துக் கூவ வேண்டும்போல் இருக்கின்றது என்றும் அதே கடிதத்திற் குறிப்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருப்போர்க்கு இது சற்றே உறுத்துவதுதான்.

அத்தமிழாக்கத்தின் தரம் எத்தகையது? 1544இல் தம் உடன்பணியாளர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதமொன்றில், விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லற்க, 'விசுவாசம்' என்ற சொல்லையே வழங்குக எனச் சவேரியார் பணித்தார். முன்னையது 'விரும்புகிறேன்' என்ற பொருளையே தருமென்பது அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. பல மாதங்களாக மீனவர், கடவுளை நம்புகிறோம் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேண்டும் என்றே ஓதிவந்தனர். பிழைதான்; எனினும், காவல் வேண்டி மதம் மாறிய அம்மக்களின் நிலையை அப்பிழை செம்மையாகவே உரைத்தது எனலாம்.

காவலும் நிறைவாக வாய்க்கவில்லை. 1544இல் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். உணவேற்றிய தோணிகளுடன் புறப்பட்ட சவேரியாரை எதிர்க்காற்றுத் தடுத்தது. அவர் அஞ்சாது உழைத்தார் என்பதில் ஐயமில்லை. போர்த்துக்கேய அதிகாரிகளின் பேராசையைக் கண்டித்து அவர் எழுதிய கடிதங்களும் உள. ஆயினும் அவ்வதிகாரிகளின் வலிமையைச் சார்ந்தே அவருடைய பணியும் நின்றது.

இம்முரண்பாடு மன்னாரிலே குருதியாயிற்று. மன்னார்த் தீவினர் அவரை அழைத்தபோது, தாம் செல்ல இயலாமையால் வேறொரு குருவை அனுப்பினார். மதம் மாறியோரை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். ஏறத்தாழ 600 பேர் என்பது மரபுவழிக் கணக்கு. இதை வெறும் மதவெறியென்று கூறி அமைவது பொருந்தாது. எதிர்க்கரையில் ஞானஸ்நானத்தின் பின்னே போர்த்துக்கேய ஆதிக்கம் வந்ததை அவன் அறியாதவனல்லன். ஆனால் மாண்டோர் ஆதிக்கம் தேடியவரல்லர், எளிய கடற்றொழிலாளர் என்பதையும் மறத்தலாகாது.

சங்கிலியைத் தண்டிக்கப் படையனுப்புமாறு சவேரியார் வேண்டினார். 1545இல் நாகபட்டினத்திற் காத்திருந்தார். அவ்வேளை பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையிற் தரைதட்ட, அதன் சரக்கு மன்னன் கைப்பட்டது. சரக்கை மீட்கும் நாட்டத்திற் படையெடுப்புக் கைவிடப்பட்டது. சவேரியார் மயிலாப்பூருக்குச் சென்று, அவ்வாண்டே மலாக்காவுக்குக் கப்பலேறினார். மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிக் கோட்டை அமைத்தது 1560இல். அப்பொழுது சவேரியார் இறந்து எட்டாண்டாயிற்று.

அவர் விட்டுச் சென்ற ஊர்களிற் சமயத்தைக் காத்தவர் கணக்கப்பிள்ளைமார். செபஞ் சொல்லிக்கொடுப்பதும், அவசர வேளையில் ஞானஸ்நானம் அளிப்பதும், பிறப்பையும் திருமணத்தையும் கவனிப்பதும் இவர்கள் கடமை. இவர்தம் ஊதியத்துக்கென ஆண்டுதோறும் 4,000 பணத்தைச் சவேரியார் போர்த்துக்கல் அரசியிடம் கேட்டுப் பெற்றார். அது பரதவர் இறுத்த திறையிலிருந்து அரசியின் பாதணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த தொகை. வரலாற்று நூல்களில் அரசியின் தாராளம் பேசப்படுகின்றது. கணக்கப்பிள்ளைமாரின் பெயர்களோ பெரும்பாலும் எங்குமில்லை.

1547இல் இக்கரைக்கு வந்த அன்றிக்கே அன்றிக்கசு வேறு வகையினர். மொழிபெயர்ப்பாளரை விரைவில் விலக்கித் தாமே தமிழிற் பேசினார், இலக்கணம் எழுதினார், முன்னைய செபங்களைத் திருத்தினார், 1600இல் இறக்கும்வரை, ஐம்பதாண்டுக்கு மேலாக இங்கேயே வாழ்ந்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இற் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. அவ்வச்சுப் பணிக்கும் பொருள் தந்தோர் பரதவரே.