எட்டுக்குப் பக்கத்தில் ஒன்று

ராஸ் தீவில் வெள்ளைக்காரர்களுக்குச் சர்ச் இருந்தது, பேக்கரி இருந்தது, டென்னிஸ் மைதானம்கூட இருந்தது. அந்தமான் நிர்வாகத்தின் தலைமையிடமாயிற்றே, அச்சகம் இல்லாமலா! 1941 ஜூன் 26 அன்று நிலம் குலுங்கியது. கட்டடங்கள் விரிசல் கண்டன. மறுவருடம் ஜப்பானியப் படை வந்திறங்கியது. அச்சகம் பாழானது, சுவர்களை மர வேர்கள் பிடித்துக்கொண்டன. அச்சுக்கோக்கும் தொழிலுக்கே வேட்டு வைக்கப்போகிறவர், நிலம் குலுங்கிய அன்று அமெரிக்காவில் மூன்று வயதுப் பையன்.

கேரி ஸ்டார்க்வெதர். ஜெராக்ஸ் கம்பெனியில் சேர்ந்தவருக்கு 1967 வாக்கில் ஒரு யோசனை: நகல் இயந்திரத்தின் உருளைமேல் லேசர் ஒளியாலேயே எழுதினால் என்ன? லேசர் அப்போது யானை விலை. மேலதிகாரி கூடாது என்றார். இவர் ஆய்வகத்தில் கறுப்புத் திரை கட்டி, அதன் பின்னால் ரகசியமாக வேலை பார்த்தார். விஷயம் கசிந்தது. வேலை போகாதது அதிர்ஷ்டம். 1971-ல் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே லேசர் பிரிண்டர் உயிர் பெற்றது. அதற்குத் தீனி?

அதே கூடத்தில் 1974-ல் பட்லர் லாம்ப்சன், சார்ல்ஸ் சிமோனி குழு 'பிராவோ' என்ற எழுத்துச் செயலியைச் செய்தது. திரையில் தெரிவதே தாளிலும் விழுந்தது. ஜின் என்ற பாடநூல் நிறுவனத்தின் எடிட்டர்களுக்காக அடுத்து வந்தது 'ஜிப்ஸி'. கத்தரிக்கோலும் பசையும் பிடித்த கைகளுக்கு அது தந்ததுதான் கட், பேஸ்ட். பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் தூங்கியது. 1981-ல் சிமோனி மைக்ரோசாஃப்டுக்குப் போனார்.

1983-ல் 'வேர்டு' வந்தது. கடிதம் அடித்தது, அறிக்கை அடித்தது; மடித்த புத்தகம் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. எட்டுப் பக்கம் என்றால் இரண்டு தாள். வெளித்தாளின் ஒருபுறம் 8-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 7-ம். உள்தாளில் 6-ம் 3-ம், பின்னால் 4-ம் 5-ம். அச்சகத்துப் பெரியவர்களுக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு இது. டி.டி.பி. பையன்களோ வெற்றுத்தாளை மடித்து, பென்சிலால் எண் போட்டுத்தான் பிழைத்தார்கள். வேர்டு 2002 பதிப்பில்தான் அந்தக் கணக்கைத் தானே போடும் 'புக் ஃபோல்டு' வந்தது.

தமிழுக்கு வேறு தலைவலி. ஓர் எழுத்துருவில் அடித்தது அடுத்த கணினியில் கிறுக்கலாகும். யூனிகோடு பரவிய பிறகே ஓய்ந்தது. அந்தமானுக்கோ இணையமே செயற்கைக்கோள் வழியாக ஊர்ந்தது. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது.

ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் கும்பாபிஷேக மலரோ ஹோட்டல் பிரசுரமோ, இன்று ஒரு மேசைக் கணினியில் பிறந்துவிடுகிறது. தாளை எந்த ஓரமாகத் திருப்புவது என்பதில் மட்டும் இன்னும் தகராறு; முதல் பிரதியின் பின்பக்கம் தலைகீழாக விழுந்தால் அது கடைக்காரர் கணக்கு.