தரையோடு ஒட்டிக்கிடந்த நாய்கள்

இந்த எபிசோடு ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்குது. அவங்க ஒரு காப்பகத்திலிருந்து நாய் ஒன்றைத் தத்தெடுத்து 40 நாள் ஆகிறது. "இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நாங்க தூங்கின அப்புறம்தான் வந்து சாப்பிடுது. அடிக்கல, திட்டல, ஒண்ணும் பண்ணல. இது மாறுமா, இல்ல இப்படியேதானா?" இதுதான் கேள்வி.

கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு வழக்கு. இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு கோர்ட் கேட்க வேண்டி வந்தது. பதில் "மாறாது" என்று வந்திருந்தால் அந்த நாய்களுக்கு ஊசிதான்.

2007 ஏப்ரல் 25. வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி கவுண்டி என்ற கிராமப்புறம். மூன்லைட் ரோட்டில் ஒரு பெரிய வெள்ளை வீடு. போலீஸ் உள்ளே போனது போதைப்பொருள் தேடி. பின்னாடி காட்டுக்குள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த கொட்டகைகள், மண்ணில் புதைத்த இரும்பு அச்சுகளில் கனமான சங்கிலியால் கட்டிய பிட் புல் நாய்கள். பணம் வைத்து நாய்ச்சண்டை நடத்துகிற இடம். வீட்டின் சொந்தக்காரர் மைக்கேல் விக், அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். 2004-ல் 130 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். அமெரிக்கக் கால்பந்து தெரியாதவங்களுக்கு ஒரே வரி: அந்த ஊரில் அவர் நம்ம ஊர் கிரிக்கெட் ஸ்டார் மாதிரி. சண்டையில் தேறாத நாய்களை அங்கே எப்படிக் கொன்றார்கள் என்பது குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அதை இங்கே படிக்கப் போறதில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விக்குக்கு 23 மாதம் சிறை.

அவர் கதை இதோட போகட்டும். நமக்கு வேண்டியது நாய்கள். பறிமுதல் செய்த சொத்து என்பதால், சட்டப்படி அந்த நாய்கள் பேரிலேயே ஒரு தனி வழக்கு நடந்தது. தலைப்பைக் கேளுங்க: "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஏறத்தாழ 53 பிட் புல் நாய்கள்." சிரிப்பு வரும். ஆனா உள்ளே இருந்த விஷயம் சிரிப்பில்லை. அதுவரைக்கும் நாய்ச்சண்டையில் பிடிபட்ட நாய்களை வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதுதான் வழக்கம். பெரிய விலங்குநல அமைப்புகளே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த நாய்களையும் கொல்வதுதான் சரி என்று பீட்டாவும் ஹ்யூமேன் சொசைட்டியும் அப்போது பகிரங்கமாகச் சொன்னார்கள். அதாவது, காப்பாற்ற வேண்டியவங்களே கையை விரிச்சுட்டாங்க. கெட்ட எண்ணத்தில் இல்லை. சண்டை நாய் திருந்தாது என்று உண்மையிலேயே நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதற்கு எதிரான ஆதாரம் எங்கே இருந்தது என்று தேடிப் போனால், கொஞ்சம் சங்கடமான ஒரு வரலாறு கிடைக்கிறது. பயந்த நாயை எப்படித் தேற்றுவது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, நாய்களைப் பயமுறுத்தின ஆய்வகங்களிலிருந்து வந்தது.

1924 செப்டம்பர், லெனின்கிராட். நேவா ஆறு பெருகி நகரத்துக்குள்ளே வந்துவிட்டது. பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. ஊழியர்கள் வெள்ளத்தில் போய் மீட்டார்கள். உயிர் பிழைத்தது சரி, ஆனா சில நாய்கள் பழைய நாய்களாக இல்லை. கற்றுக்கொடுத்த பழக்கங்கள் மறைந்துவிட்டன, சாப்பாடு வைத்தாலும் தொடவில்லை. பாவ்லோவ் பேரைக் கேட்டாலே நமக்கு மணியும் எச்சிலும்தான் ஞாபகம் வரும். எனக்கு இந்த வெள்ளக் கதைதான் பெரிசு. ஏன்னா ஸ்பெரான்ஸ்கி என்ற உதவியாளர் அப்போது ஒன்றைக் கவனித்தார். வழக்கமாக ஆய்வாளர் அறைக்கு வெளியே இருப்பார், நாய் உள்ளே தனியாக இருக்கும். அவர் உள்ளே வந்து நாயோடு சும்மா உட்கார்ந்தபோது, மறைந்துபோன பழக்கங்கள் திரும்பின. பிறகு அவருடைய உடுப்பில் ஒரு பகுதியை நாய் கண்ணில் படாமல் அறையில் வைத்தபோதும், அந்த வாசனைக்கே பலன் இருந்தது. மெல்ல மெல்ல நாய் தேறியது. அதுக்கப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடி வெள்ளத்துக்கே போய்விட்டது.

பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருப்பதே மருந்து. தேறின மாதிரி தெரிகிற பயமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் திரும்பி வரும். இன்றைக்குக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர்கள் தினமும் பார்க்கிற இரண்டு விஷயங்களும் பாவ்லோவ் காலத்திலேயே எழுத்தில் இருக்கு.

அடுத்தது 1961, மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர். ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் வேலி போட்ட ஒரு ஏக்கர் வயலில், மனிதர் கண்ணிலேயே படாமல் நாய்க்குட்டிகளை வளரவிட்டார்கள். சில குட்டிகளை 2-வது வாரத்தில், சிலவற்றை 5-வது வாரத்தில், 7-வது வாரத்தில் என்று ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். ஒரு குழுவை மட்டும் 14 வாரம் வரை தொடவே இல்லை. அந்தக் குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன. அதில் ஒன்றை எடுத்து மாதக்கணக்கில் கொஞ்சியும் கொஞ்சம்தான் மாறியது. அந்தக் குட்டிகளை யாரும் அடிக்கவில்லை என்பதைக் கவனிங்க. உலகம் என்னவென்று கற்றுக்கொள்ளும் வயதில் அவற்றின் உலகத்தில் மனிதன் இல்லை, அவ்வளவுதான்.

சின்னதா ஒரு விலகல். காப்பகத்து நாய் பயந்தா நாம உடனே "யாரோ கொடுமை பண்ணியிருக்காங்க" என்று முடிவு கட்டுவோம். பல நேரம் அது கொடுமை இல்லை, வெற்றிடம். நம்ம தெருவில் பிறந்த குட்டியை எடுத்துக்கங்க. டீக்கடை, ஆட்டோ, ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் பார்த்து வளர்ந்திருக்கும். மனிதர்கள் அதுக்குப் புதுசில்லை. ஆனா லிஃப்ட், கழுத்தில் கயிறு, வழுக்குகிற டைல்ஸ், தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன், பூட்டின கதவு? இதெல்லாம் அதோட உலகத்திலேயே இல்லை.

மூன்றாவதுதான் ரொம்பக் கசப்பானது. 1967, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இரண்டு பேரும் அப்போ இளம் ஆய்வாளர்கள். நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில நாய்கள் ஒரு பலகையை மூக்கால் அழுத்தி அதை நிறுத்த முடியும். மற்றவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் குட்டையான தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள். தாண்டினால் தப்பிக்கலாம். முதல் குழு தாண்டிவிட்டது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்து, முனகி, வாங்கிக்கொண்டன. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்ற சொல் பிறந்தது இங்கேதான்.

எல்லா மனோதத்துவப் புத்தகமும் இதோடு நிறுத்திவிடும். அடுத்த ஆண்டு, 1968-ல் வந்த கட்டுரையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. படுத்துவிட்ட அந்த நாய்களைத் தேற்ற முடியுமா என்று பார்த்தார்கள். தடுப்பையே எடுத்துவிட்டார்கள், நாய் நகரவில்லை. அந்தப் பக்கம் இறைச்சித் துண்டு போட்டார்கள், அதுக்கும் நகரவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டித் தாங்களே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்தார்கள். மறுபடி, மறுபடி. முதலில் முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது. போகப்போக லேசான தொடுதல் போதும். பிறகு நாய் தானாகவே தாண்டியது.

ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல் மேயரும் செலிக்மனும் தங்கள் கருத்தையே திருப்பிப் போட்டார்கள். நடுவில் மேயர் நரம்பியல் பக்கம் போய்விட்டிருந்தார். மூளையைப் பார்த்தால், நீண்ட துன்பத்தின்போது முடங்கிப்போவது கற்றுக்கொண்ட விஷயமே இல்லை, அதுதான் உடம்பின் இயல்பான பதில். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: "நான் அசைந்தால் ஏதோ மாறும்" என்பது. ஒரு நாய் முடங்கிக் கிடப்பதை அதன் குணம் என்று சொல்வது தப்பு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

இப்போ 2007 செப்டம்பருக்குத் திரும்புவோம். வர்ஜீனியாவில் பல காப்பகங்களில் பிரித்து அடைத்திருந்த 49 நாய்களை, ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பழைய விலங்குநல அமைப்பின் ஸ்டீஃபன் ஸவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு ஒவ்வொன்றாகச் சோதித்தது. செயற்கைக் கையால் சாப்பாட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்கள். குழந்தை அளவு பொம்மையைக் காட்டினார்கள். வேறு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அசுரர்களை எதிர்பார்த்துப் போனவங்களுக்கு ஆச்சரியம். பல நாய்கள் உறுமவே இல்லை. நான்கு காலையும் பரப்பி, வயிறு தரையில் ஒட்ட, அசையாமல் கிடந்தன. அவங்க வெச்ச பேரு 'பான்கேக் நாய்கள்'. நம்ம ஊரா இருந்தா தோசைன்னு வெச்சிருப்போம். அந்தப் பெட்டியில் படுத்த நாய்களை எனக்கு இது அப்படியே ஞாபகப்படுத்தியது.

49-ல் ஆக்ரோஷத்துக்காகக் கொல்லச் சொன்னது ஒரே ஒரு நாயை. நோயால் இன்னொன்று போனது. மீதி நாய்களுக்குப் பொறுப்பாக ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. செலவுக்கு விக் கட்ட வேண்டிய தொகை சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர். 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் கனாப் ஊரில் உள்ள 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' சரணாலயத்துக்குப் போயின. சில கலிஃபோர்னியாவுக்கு, சில மற்ற இடங்களுக்கு.

பிறகு வந்த செய்திகள் உங்களுக்கும் வாட்ஸாப்பில் வந்திருக்கலாம். லியோ என்ற நாய் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் போனது, ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய்க்குக் குழந்தைகள் கதை படித்துக் காட்டினார்கள். உண்மைதான். ஆனா எனக்கு ஜாஸ்மின் கதைதான் முக்கியம். மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குப் போன அந்த நாய் மாதக்கணக்கில் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. தூக்கிக்கொண்டு போய் வெளியே விட வேண்டும், திரும்பத் தூக்கி வர வேண்டும். கொஞ்சம் முன்னேறியது, ஆனா பத்திரிகை அட்டையில் வந்த அளவுக்கு மகிழ்ச்சியான முடிவெல்லாம் இல்லை. பயந்த நாயாகவே வாழ்ந்து 2009-ல் இறந்தது. லூகஸ், மெரில் என்ற இரண்டு நாய்கள் ஆயுசு முழுக்கச் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு.

எல்லாரும் உடனே மாறிவிடவும் இல்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சண்டை நாய்களை, பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் உட்பட, சோதித்துக்கூடப் பார்க்காமல் கொன்றார்கள். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் ஹ்யூமேன் சொசைட்டி ஒவ்வொரு நாயையும் தனியாகப் பார்க்கணும் என்று கொள்கையை மாற்றியது. அந்தக் குட்டிகளை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

2013-ல் நியூ ஜெர்சியில், பயந்த நாய்களுக்கென்றே ஏ.எஸ்.பி.சி.ஏ. ஒரு மறுவாழ்வு மையத்தைப் பரிசோதனையாகத் தொடங்கியது. 2018-ல் வட கரோலினாவின் வீவர்வில்லில் அது நிரந்தரமானது. அங்கே வருபவை பெரும்பாலும் குட்டி விற்கும் பண்ணைகளிலிருந்தும், ஒரே வீட்டில் நூறு நாய் அடைத்து வைத்திருந்த இடங்களிலிருந்தும் மீட்டவை. வேலை பார்க்கிறவர் முதல் நாள் நாயைத் தொடுவதில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்வார், கண்ணைப் பார்க்க மாட்டார். நாய் நடுங்காத தூரம் எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து ருசியான ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போடுவார். நாளைக்கு ஒரு சாண் கிட்டே. பயமில்லாத இன்னொரு நாயைக் கூட விடுவார்கள், அது மனிதனிடம் போவதை இது பார்க்கும். சோஃபாவும் டிவியும் வைத்த வீடு மாதிரி அறை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. 1968-ல் கயிற்றால் இழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்: நீ அசைந்தால் உலகம் மாறும். இங்கே இழுப்பதற்குப் பதில், நாய் பின்வாங்கினால் ஆளும் பின்வாங்குகிறார். 440-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சுமார் 86 சதவீதம் சிகிச்சையை முடித்துத் தேறின. மீதி 14 சதவீதத்தில் சிலவற்றைக் கருணைக்கொலை செய்தார்கள். ஓயாத பயத்தில் வாழ வைப்பதும் ஒரு கொடுமைதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். என்கிட்ட அதுக்குப் பதில் இல்லை.

வாய்ஸ் நோட் அனுப்பின தோழிக்கு: 40 நாள் ரொம்பக் குறைவுங்க. கட்டிலை நகர்த்தாதீங்க, உள்ளே கை விடாதீங்க. ராத்திரி சாப்பிட வருதுன்னு சொன்னீங்க இல்ல, அந்த நேரத்துல அறையோட மறுமூலையில, முதுகு காட்டி, ஒரு புத்தகத்தோட உட்காருங்க. மாதக்கணக்கில் எதுவும் அசையலைன்னா நாய் நடத்தை தெரிஞ்ச ஒரு கால்நடை மருத்துவரைப் பாருங்க.

மூன்லைட் ரோட்டிலிருந்து மீட்டதில் கடைசியாக உயிரோடு இருந்தது ஃப்ரோடோ. பிடிபட்டபோது குட்டி. 2021 டிசம்பரில், 15 வயதில், தன் வீட்டு மனிதர்களோடு இருந்தபடி இறந்தது.