சுவர் மூச்சு விடட்டும்

1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய காலிக் கோட்டைக்குள் நம்மவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அங்குள்ள பழைய வீடுகள் பல முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். நிலத்து ஈரம் சுவரில் ஏறினாலும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே காயவிட்டது. விறாந்தைக் கூரை மழையைச் சுவரில் படாமல் காத்தது.

நாம் என்ன செய்கிறோம்? சுவர் உரிகிறதென்று சீமெந்து பூசுகிறோம். உள்ளே அடைபட்ட ஈரம் உப்போடு இன்னும் மேலேறி, அந்தப் பூச்சையே கழற்றி விழுத்துகிறது. பிறகு சுவரைக் குறைசொல்லி வீட்டையே இடிக்கிறோம்.

உறவுகளே, உம்மா வாப்பா காலத்து வீட்டை இடிக்குமுன் கூரை ஒழுக்கையும் கானையும் பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த மேசன்மார் இருக்கும்போதே கேட்டுப் படித்துக்கொள்வோம்.